கரியும் உருக்கும் கடல்கடந்த வாணிபமும்

ஆலப்புழையிலிருந்து தன்பாத் நகருக்குச் செல்லும் விரைவு வண்டியில் ஒரு முறையேனும் பயணம் செய்தவர்கள் நேயர்களில் பலர் இருக்கக்கூடும். இரண்டு நாட்களுக்கு மேற்பட்ட பயணம் அது. கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், காட்பாடி என்று நிலையத்துக்கு நிலையம் நம்மவர்கள் ஏறிக்கொண்டே வருவார்கள். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு முதல் நாளோடு தீர்ந்துவிடும். விசாகப்பட்டினத்தைக் கடந்து, ஒடிசாவின் மலைக்காடுகளைக் கடந்து, ரூர்கேலாவை அடையும்போது காற்றின் மணமே மாறியிருக்கும். பிறகு ராஞ்சி, பிறகு பொகாரோ உருக்கு நகரம், முடிவில் நிலக்கரியின் தலைநகரமாகிய தன்பாத். விசாகப்பட்டினத்தில் ஓர் உருக்காலை, ரூர்கேலாவில் ஒன்று, பொகாரோவில் ஒன்று. அவற்றுக்கு இரை போடும் கரிச் சுரங்கத்தின் வாயிலிலே போய் நிற்கிறது வண்டி. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளை அந்த இருப்புப் பாதையே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

நம்மில் எத்தனையோ குடும்பங்கள் இந்த உருக்கு நகரங்களால் வாழ்ந்தவை. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அடுத்தடுத்த நாட்களில், ரூர்கேலாவிலும் பிலாயிலும் முதல் ஊதுலைகளைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். முன்னதற்கு மேற்கு ஜெர்மனியும் பின்னதற்குச் சோவியத் நாடும் துணை நின்றன. அதே ஆண்டில் பிரிட்டனின் துணையோடு துர்காபூரும் எழுந்தது. தெற்கேயிருந்து பொறியியலாளராகவும், கணக்கராகவும், பள்ளி ஆசிரியராகவும், பிட்டராகவும் நம்மவர் போய்ச் சேர்ந்தனர். அங்கே சங்கம் அமைத்தோம். முருகனுக்கு ஒரு கோயில் கட்டினோம். மார்கழியில் விடியுமுன் எழுந்து கோலமிட்டோம். அந்தக் கோலத்தின் மேல் பொழுது சாய்வதற்குள் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய தூசி படிந்துவிடும். கொடியில் உலர்த்திய வெள்ளை வேட்டி வெள்ளையாகவே திரும்பியதில்லை. இதைப் பற்றி நாம் அண்டை வீட்டாரிடம் முறையிட்டிருக்கிறோம், ஆலையிடம் முறையிட்டதில்லை. சோறு போடும் கையை எப்படிக் குறை சொல்வது? அந்தத் தூசியை வளத்தின் அடையாளம் என்றே கொண்டோம். அதில் தவறு இருந்ததாகவும் அன்று யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணுக்குத் தெரிந்த தூசியைப் பிடித்து நிறுத்தக் கருவிகள் வந்துவிட்டன. பெரிய ஆலைகள் பலவற்றில் இன்று புகைபோக்கியின் வாயில் பழைய செம்மேகம் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதுதான் கரியமில வாயு. இதனைப் புரிந்துகொள்ள ஊதுலைக்குள் என்ன நிகழ்கிறது என்பதைச் சிறிது காண வேண்டும்.

இரும்புத் தாது என்பது இரும்பும் பிராணவாயுவும் இறுகப் பிணைந்த கல். அந்தப் பிணைப்பை அறுத்தால்தான் இரும்பு கிடைக்கும். இரும்பை விட்டுப் பிராணவாயு பிரிய வேண்டுமானால், அதைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் வேறொரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் கரி. நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கற்கரியாக்கி, தாதுவோடும் சுண்ணாம்புக் கல்லோடும் சேர்த்து ஊதுலையில் இட்டு, அடியிலிருந்து வெப்பக் காற்றைச் செலுத்துகிறார்கள். கரி தாதுவிலுள்ள பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு முடிவில் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. இரும்பு உருகி அடியில் தங்குகிறது. ஆகவே இங்கே கரி வெறும் விறகு அன்று. சமையலறையில் விறகுக்குப் பதில் மின்னடுப்பு வைத்துக்கொள்வதுபோல் இங்கே எளிதில் மாற்றிவிட முடியாது. கரி இந்த வேதியியலிலேயே ஓர் உறுப்பு. மின்சாரத் துறையில் கரியைக் குறைப்பதைவிட உருக்குத் துறையில் குறைப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சுதந்திரம் வந்த காலத்தில் பத்து லட்சம் டன்னைச் சற்றே தாண்டியிருந்த நம் நாட்டு உருக்கு உற்பத்தி, 2024-இல் ஏறத்தாழ 14.9 கோடி டன்னாக உயர்ந்தது. 2018 முதல் ஜப்பானைப் பின்தள்ளி, சீனாவுக்கு அடுத்த இடத்தில் நாம் நிற்கிறோம். 2030-31-க்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறன் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய உருக்குக் கொள்கை கூறுகிறது. இது பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்தியன் ஒருவனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ உருக்குத்தான் கிடைக்கிறது. உலகச் சராசரி அதைப் போல் இருமடங்கு. பாலமும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இன்னும் கட்டி முடியாத நாடு இது.

ஆனால் மறுபுறமும் ஒன்றுண்டு. ஒரு டன் உருக்கைச் செய்ய உலகம் சராசரியாக 1.9 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது, நாம் 2.5 டன்னுக்குச் சற்று மேல் வெளியிடுகிறோம். மொத்தத்தில் நாடு வெளியிடும் கரியமில வாயுவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த ஒரு தொழிலிலிருந்தே எழுகிறது.

நம் கணக்கு ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது? நம் கரியில் சாம்பல் மிகுதி என்பது ஒரு காரணம். இயற்கை வாயு நமக்கு அருமை என்பது இன்னொன்று. வளைகுடா நாடுகள் இயற்கை வாயுவைக் கொண்டு தாதுவை உருக்காமலேயே இரும்பாக்குகின்றன. அவ்வகை இரும்பைச் 'ஸ்பாஞ்ச்' இரும்பு என்பார்கள். உலகிலேயே அதனை மிகுதியாகச் செய்யும் நாடு நம்முடையதுதான். ஆனால் நம் நாட்டில் அதில் பெரும்பகுதி இயற்கை வாயுவால் அன்று, நிலக்கரியால், சுழலும் உருளைச் சூளைகளில் செய்யப்படுகிறது. ராய்ப்பூரைச் சுற்றியும், ஒடிசாவிலும், மேற்கு வங்கத்திலும், ஜார்க்கண்டிலும் நூற்றுக்கணக்கில் இச்சூளைகள் இயங்குகின்றன. அவற்றில் பல சிறு முதலாளிகளின் சொத்து. புதிய கருவி வாங்கப் பணமில்லை. மூடினால் ஊரில் வேறு பிழைப்பில்லை.

மூன்றாவது காரணம் சுவையானது. நம்மிடம் பழைய இரும்பு போதவில்லை! நம் சிறுவயதில், 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு தெருவில் வண்டி வரும். ஓட்டை வாளியையும் உடைந்த தாழ்ப்பாளையும் கொடுத்துவிட்டு ஒரு கைப்பிடிப் பழத்தை வாங்கிச் சுவைத்தோம். அந்த வண்டிக்காரர் எவ்வளவு பெரிய தொழிலின் முதற் கண்ணி என்பதை நாம் அறிந்தோமில்லை. பழைய இரும்பை மின்னுலையில் உருக்கி மறுபடியும் உருக்காக்கினால் தாதுவும் கற்கரியும் தேவையில்லை. கரியமில வாயு பல மடங்கு குறையும். அமெரிக்க நாட்டின் உருக்கில் நூற்றுக்கு எழுபது பங்கு இப்படி மின்னுலையில் பிறப்பது. நூறாண்டுகளாகக் கட்டிய பாலங்களையும் ஓட்டிய வண்டிகளையும் உடைத்து அவர்கள் உருக்குகிறார்கள். நாமோ இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறோம். நேற்றுக் கட்டிய பாலத்தை இன்று உடைக்க முடியுமா? ஆகவே பம்பாயின் பழைய இரும்புக் கடைகளும், குஜராத்தின் ஆலங் கடற்கரையில் கப்பல் உடைக்கும் களங்களும் திரட்டித் தருவது போதாமல், வெளிநாட்டிலிருந்தும் பழைய இரும்பை வாங்குகிறோம். அந்த வாயிலும் குறுகக்கூடும். 2027-ஆம் ஆண்டு மே மாதம் முதல், பழைய உலோகம் உள்ளிட்ட கழிவுப் பொருள்களைத் தகுதி மெய்ப்பித்துப் பட்டியலில் இடம் பெற்ற நாடுகளுக்கு மட்டுமே அனுப்புவது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியிருக்கிறது. பணக்கார நாடுகளின் மன்றத்தில் சேராத நம் போன்ற நாடுகளுக்கே இந்த விதி.

இந்தச் சங்கிலியின் தொடக்க முனைக்கு, அதாவது ஜரியாவுக்கு, இப்போது செல்வோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். உருக்கைப் பற்றிப் பேசுவோர் பலரும் ஊதுலையோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு நிலம் எரிந்துகொண்டிருக்கிறது.

தன்பாத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ளது ஜரியா. சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் கரிவயல்தான், உருக்காலைக்கு உகந்த உயர்ந்த வகைக் கற்கரிக்கு நம் நாட்டின் முதன்மையான ஊற்று. அங்கே பூமிக்கடியில் தீப்பற்றியது முதன்முதலாகப் பதிவானது 1916-ஆம் ஆண்டில், பௌரா என்னும் சுரங்கத்தில். அதற்குப் பிறகு நூறாண்டு கடந்தும் அந்தத் தீ முற்றிலும் அவிந்தபாடில்லை.

நிலக்கரி தானே தீப்பற்றும் இயல்புடையது. காற்றுப் படும்போது மெல்ல மெல்லப் பிராணவாயுவை ஏற்று வெப்பம் கொள்ளும். அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கினால் கனலாகும். ஆங்கிலேயர் காலத்தில் தனியார் முதலாளிகள் மேலாக உள்ள கரியை அவசர அவசரமாக வெட்டி எடுத்தனர். கூரையைத் தாங்குவதற்கென்று விட்டுவைத்த கரித் தூண்களையும் மெலியச் செதுக்கினர். வெட்டிய குழிகளை ஆற்று மணலிட்டு நிரப்பிவிட்டுப் போயிருந்தால் காற்றுப் புகுந்திராது, மேல்நிலமும் அமிழ்ந்திராது. மணலுக்குச் செலவாகும் என்பதால் பல இடங்களில் அப்படியே விட்டுவிட்டனர். கூரை சரிந்தது, மேலே வெடிப்பு விழுந்தது, வெடிப்பின் வழியே காற்று இறங்கிற்று, தீ பிறந்தது. தீயினால் மேலும் சரிவு, சரிவினால் மேலும் காற்று. நாம் சொல்லும் 'எரிகிற கொள்ளி' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

கற்கரிச் சுரங்கங்களை 1972-இல் நாட்டுடைமை ஆக்கினார்கள். அதன் பிறகு பழைய தீயை அணைக்கும் பொறுப்பும் அரசாங்கத்தின் தலையில் ஏறிற்று. எரியும் இடத்தை மண்ணால் மூடிப் பார்த்தார்கள். அகழி வெட்டித் தீயைத் தனிமைப்படுத்திப் பார்த்தார்கள். இப்போது எரியும் கரியையே திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டி எடுக்கிறார்கள். முயற்சி வீண்போகவில்லை. ஒரு காலத்தில் 77 இடங்களில் காணப்பட்ட தீ, 2021-ஆம் ஆண்டு விண்கோள் வழி ஆய்வில் 27 இடங்களாகக் குறைந்திருந்தது, 8.9 சதுர கிலோமீட்டராக இருந்த தீப்பரப்பு 1.8 ஆகச் சுருங்கியிருந்தது. நன்முயற்சியை நன்முயற்சி என்று சொல்லத்தான் வேண்டும். ஆயினும் தோண்டும் இயந்திரம் தீயை அணைக்க வருகிறதா, ஊருக்கடியில் இருக்கும் கரியை எடுக்க வருகிறதா என்ற ஐயம் ஜரியா மக்களிடம் இன்னும் அகலவில்லை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

மக்களின் கதைதான் தீயின் கதையைவிட நீளமானது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசாங்கம் ஒரு பெருந்திட்டத்துக்கு இசைவளித்தது. தீயும் சரிவும் அச்சுறுத்தும் பகுதிகளில் வாழும் குடும்பங்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றுவது அதன் நோக்கம். 2021-இல் அதன் காலக்கெடு முடிந்தபோது, செய்ய வேண்டியதில் பெரும்பகுதி எஞ்சியிருந்தது. பெல்கரியா என்னும் இடத்தில் அடுக்கடுக்காக வீடுகளைக் கட்டினார்கள். வீடு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை என்பதே அங்குக் குடியேறியவர்களின் நெடுநாளைய குறை. ஜரியாவில் ஒருவன் விடியற்காலையில் மூட்டை மூட்டையாகக் கரியைச் சைக்கிளில் அடுக்கிக்கட்டி, ஏறி மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே பல கல் தொலைவு நடந்து விற்று வருவான். அது சட்டத்துக்குப் புறம்பான பிழைப்புத்தான், ஆனாலும் அடுப்பெரிந்தது. புதிய வீட்டில் சுவர் இருக்கிறது, அடுப்பெரிய வழியில்லை. பலர் தீயின் பக்கத்துக்கே திரும்பிச் சென்றனர் என்றால் அவர்களை அறியாமை உடையோர் என்று சொல்லக் கூடுமோ? 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய மந்திரிசபை 5,940 கோடி ரூபாயில் திருத்திய திட்டம் ஒன்றை ஏற்றது. அதில் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பிழைப்பு மானியமும், மூன்று லட்சம் ரூபாய் வரை கடன் வசதியும் இடம் பெற்றன. வீட்டுக்கு முன்பாகப் பிழைப்பு என்ற பாடத்தைக் கற்றுக்கொள்ள அரசாங்கத்துக்குப் பதினாறு ஆண்டுகள் வேண்டியிருந்தன. கற்றுக்கொண்ட மட்டில் நல்லது.

இவ்வளவு விலை கொடுத்து எடுக்கும் ஜரியாக் கரியைக் கொண்டு நம் ஊதுலைகளை எரிக்கிறோமா என்றால், அதுவும் பெரும்பாலும் இல்லை. சாம்பல் மிகுந்த அந்தக் கரியைக் கழுவித் தூய்மையாக்கும் ஆலைகள் போதுமான அளவில் இல்லை. ஆகவே உருக்காலைகளுக்கு வேண்டிய கற்கரி வகை நிலக்கரியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்குக் குறையாமல் கப்பலில் வந்திறங்குகிறது. நீண்டகாலமாக ஆஸ்திரேலியாவே முதலிடம். அண்மை ஆண்டுகளில் ரஷ்யாவும் அமெரிக்காவும் சேர்ந்துகொண்டன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வெள்ளம் வந்தால் பிலாயில் விலை ஏறும். கடல்கடந்த வாணிபம் என்று நாம் இங்கே சொன்னது ஏற்றுமதியை மட்டும் அன்று.

ஏற்றுமதிக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தன் ஆலைகள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு விலை வைத்து வருகிறது. ஆனால் உருக்கு போன்ற தொழில்கள் வெளிநாட்டுப் போட்டியில் நசுங்கிவிடக் கூடாது என்று அவற்றுக்கு மட்டும் பெருமளவு இலவச உரிமைச் சீட்டுகளை வழங்கி வந்தது. இப்போது அந்த இலவசத்தைப் படிப்படியாக நிறுத்துகிறது. நிறுத்தும் அளவுக்கு ஏற்ப, வெளியிலிருந்து வரும் பொருளிலும் அதே விலையை எல்லையில் வாங்கப் போகிறது. இதுதான் பத்திரிகைகள் 'கார்பன் எல்லை வரி' என்று எழுதுவது. இரும்பும் உருக்கும், அலுமினியம், சிமெண்டு, உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகிய ஆறு இனங்களுக்கு இது பொருந்தும். 2023 அக்டோபர் முதல் 2025 முடிய வெறும் கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 சனவரி முதல் நாளிலிருந்து பணமும் கடன்பட்டதாகிறது. அந்த ஆண்டு இறக்குமதிக்கான சீட்டுகளின் விற்பனைக்கு 2027 பிப்ரவரியைக் குறித்தார்கள். தொடக்கத்தில் சுமை சிறிதுதான். 2026-க்கு நூற்றுக்கு இரண்டரைப் பங்கு, 2030-க்கு நாற்பத்தெட்டரைப் பங்கு, 2034-இல் முழுமை. பிரிட்டனும் இத்தகைய ஓர் ஏற்பாட்டை 2027 சனவரி முதல் என்று அறிவித்தது.

லூதியானாவில் போல்ட்டும் நட்டும் செய்யும் ஒரு சிறு பட்டறைக்காரரை எண்ணிப் பாருங்கள். அவருடைய பொருளும் இந்தப் பட்டியலில் வருகிறது. தம் கம்பி எந்த ஆலையில், எந்த வகைக் கரியால், எத்தனை டன் வாயுவோடு பிறந்தது என்று அவர் சான்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், ஐரோப்பியர் தாமே குறித்து வைத்திருக்கும் உயர்ந்த அளவை அவர் தலையில் எழுதிவிடுவார்கள். ஆண்டுக்கு 50 டன்னுக்குக் குறைவாக இறக்குமதி செய்யும் ஐரோப்பிய வணிகருக்கு 2025-இல் விலக்கு அளித்தார்கள் என்பது உண்மை. அந்த விலக்கு வாங்குகிறவருக்கு உரியது, லூதியானாக்காரருக்கு அன்று.

இது நியாயமா? இந்திய அரசாங்கம் இதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பிலும் பிற இடங்களிலும் பேசி வந்திருக்கிறது. 1992-ஆம் ஆண்டு ரியோ மாநாட்டில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட பருவநிலை உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் பங்கு வேறுபட்டது என்று ஒப்புக்கொண்டது. வானில் இன்று தேங்கி நிற்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, தொழிற்புரட்சி முதல் மேலைநாடுகள் விட்டது. இன்றும் இந்தியன் ஒருவன் விடும் வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. பந்தியில் முதலில் அமர்ந்து வயிறு நிறைய உண்டவர்கள், கடைசிப் பந்திக்காரர் இலையில் அமரும்போது அரிசி விலையைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது என்று நம்மவர் நினைப்பதில் குற்றமில்லை. வாங்கும் பணத்தையாவது ஏழை நாடுகளின் ஆலைகளைத் திருத்துவதற்கென்று ஒதுக்கினார்களா? அதுவும் இல்லை, அது அவர்கள் கஜானாவுக்கே போய்ச் சேரும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. பொருள் பிறந்த நாட்டிலேயே கரியமில வாயுவுக்கு விலை செலுத்தியிருந்தால், அதை எல்லையில் கழித்துக்கொள்வார்கள். அதாவது அந்தப் பணத்தை நாமே நம் நாட்டில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கி என்ன செய்வோம் என்பதுதான் கேள்வி.

இதில் நமக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 2010-இல் நிலக்கரி டன் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்தித் தீர்வை விதித்தார்கள். தூய எரிசக்தி ஆராய்ச்சிக்கும் திட்டங்களுக்கும் நிதி திரட்டுவது அதன் நோக்கம். உலகில் பல நாடுகள் அன்று துணியாத காரியம் அது. 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400 என்று தீர்வை உயர்ந்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது, இந்த 400 ரூபாயும் மாநிலங்களுக்கு வருவாய் இழப்பை ஈடுசெய்யும் தீர்வையாக மாற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் அதை நீக்கிவிட்டு, நிலக்கரி மீதான பொதுவரியை நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினெட்டாக உயர்த்தினார்கள். மாநிலங்களின் ஈடும் பொதுவரியும் அரசியலுக்கு வேண்டியவை ஆகலாம். ஆனால் கரியின் பெயரால் பெற்ற பணம் கரி எடுத்த நிலத்துக்குத் திரும்பவில்லை. இந்தத் தொகையில் ஒரு சிறு பங்கு ஜரியாவின் திசைக்குத் திரும்பியிருந்தால், 2009-ஆம் ஆண்டுத் திட்டம் காலக்கெடு கடந்து தடுமாறியிருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இப்போது கரியமில வாயுவை வாங்கி விற்கும் சந்தை ஒன்றை நம் அரசாங்கமும் அமைக்கிறது. 2023 ஜூன் மாதத்தில் அதற்கான விதிகளை வெளியிட்டார்கள். 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்டு, காகிதம், குளோரின் சார்ந்த இரசாயனம் ஆகிய தொழில்களுக்கு முதல் அளவுகளைக் குறித்தார்கள். அந்த முதல் பட்டியலில் உருக்கு இல்லை. ஐரோப்பாவுடன் மிகவும் உரசும் தொழில் எதுவோ அதுவே விடுபட்டது வியப்பாக இருக்கிறது. ஆயினும் 2024 டிசம்பரில் உருக்கு அமைச்சகம் 'பசுமை உருக்கு' எதுவென்று வரையறுத்தது: ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாக வாயு விட்டால் மூன்று நட்சத்திரம், 1.6-க்கும் கீழே வந்தால் ஐந்து நட்சத்திரம். 2.2 என்பது உலகச் சராசரிக்கு மேலான எண் என்று சிரிப்பவர்கள் உண்டு. முதற்படி தாழ்வாக இருந்தால்தான் கிழவரும் ஏறலாம் என்பது நம் கருத்து.

கரியின் இடத்தில் ஹைட்ரஜனை வைத்தால் தாதுவிலிருந்து பிரியும் பிராணவாயு நீராவியாகப் போய்விடும். சுவீடன் நாட்டில் லூலியோ நகரில் 2020 முதல் ஒரு சோதனை ஆலை இதைச் செய்து காட்டியிருக்கிறது. கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் ஒரு டன் இரும்புக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஆக, ஒரு டன்னுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு யூனிட்டுக்கு மேல். அந்த மின்சாரம் அனல் நிலையத்திலிருந்து வந்தால் முன்வாசலில் விரட்டிய கரி கொல்லைவழியாக நுழைந்துவிடும். 2025-ஆம் ஆண்டின் நடுவில் நம் மின் நிறுவு திறனில் சரிபாதி கரியல்லாத வகை ஆயிற்று என்பது பெருமைக்குரியதே. ஆனால் அந்நாளிலும் உண்மையாக ஓடும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. 2024-25-இல் நாட்டின் கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டிற்று.

வெயிலும் காற்றும் மிகுந்த மாநிலங்கள் ராஜஸ்தான், குஜராத், தமிழ்நாடு, கர்நாடகம். கரி இருப்பதோ ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும். நாளை உருக்கு வெயிலைத் தேடிப் போகுமானால், கரியை நம்பிய கிழக்கு மாவட்டங்கள் என்ன செய்யும்? இதில் தெற்கத்தியராகிய நமக்கு ஒரு கடன் உண்டு. 1950-களில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை, உருக்கு நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும் ஒரே விலை என்று சரக்குக் கட்டணத்தைச் சமன் செய்து வைத்திருந்தார்கள். பொகாரோவில் பிறந்த தகடு பொகாரோவில் என்ன விலையோ, சென்னையிலும் பம்பாயிலும் அதே விலை. தெற்கிலும் மேற்கிலும் தொழில்கள் செழிக்க அது துணை நின்றது. கரியும் தாதுவும் தந்த நிலமோ, அருகிருக்கும் பயனை இழந்தது. தன்பாத் போன்ற ஊர்களில் நம்மவரிடம் வங்காளி நண்பரோ பீகாரி நண்பரோ இதை ஒரு மனக்குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். பதில் சொல்ல நமக்கு ஒன்றும் இருந்ததில்லை.

தன்பாத்திலிருந்து சந்திரபுராவுக்குச் செல்லும் 34 கிலோமீட்டர் இருப்புப் பாதை ஜரியாக் கரிவயலின் ஊடே ஓடுகிறது. தண்டவாளத்தின் அடியில் தீ நெருங்கிவிட்டது என்று 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் அதை மூடினார்கள். பல வண்டிகள் நின்றன. பல சுற்றுவழியில் ஓடின. கத்ராஸ் நகரத்து மக்கள் பாதையைத் திறக்கக் கோரிக் கிளர்ச்சி செய்தார்கள். பாதை மூடியதால் அவர்கள் சந்தையும் பள்ளியும் மருத்துவரும் எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டன. 2019 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். தீ அணைந்துவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. வண்டிகள் அதன் மேல் ஓடத் தொடங்கின. கரி ஏற்றிய சரக்கு வண்டிகளும் அவற்றில் உண்டு.